கிணத்தை எண்ணு பிள்ளை, ஆக்களை எண்ணாதை

எங்கள் முன்பள்ளியின் வரவு இடாப்பில் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மட்டும் ஏன் இத்தனை சிவப்புச் சுழியம் என்று எனக்கு விளங்க மூன்று மாதம் பிடித்தது. இடாப்பு என் கையில்தான் இருந்தது. சுழியம் போட்டதும் நான்தான். ஒவ்வொரு நாளும் அந்த நாளின் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். மாத முடிவில் மொத்தத்தைக் கூட்டி "வரவு குறைவு" என்று அறிக்கை எழுதினேன். பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளை ஒழுங்காக அனுப்புங்கோ என்று வகுப்பும் எடுத்தேன். தாய்மார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள்.

அது 2022, டீசல் இல்லாத வருடம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில் ஒட்டுசுட்டானுக்கு முன் உள்ளே இறங்கினால் வரும் எழுபது வீட்டு ஊர் எங்களுடையது. பெயர் எழுதவில்லை, ஏன் என்பது கீழே வரும். சித்திரை தாண்டினால் தண்ணீர்ப் பவுசர் (தண்ணீர் லொறி) வரும். எரிபொருள் வரிசை நீண்டதோடு நாளாந்தம் வந்த பவுசர் கிழமைக்கு இரண்டு தரமானது. செவ்வாய், வெள்ளி. காலை எட்டு மணிக்கு.

ஒரு மழைநாளில் வேலை இல்லாமல் இருந்தபோது இடாப்பைக் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். பிள்ளைகளின் பெயருக்கு நேரே படுக்கையாகப் பார்க்காமல், நாட்களுக்குக் கீழே நிமிர்ந்து. மற்ற நாட்களில் இருபத்து நாலு பேரில் இரண்டு மூன்று பேர்தான் வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது பத்துப் பேர். அந்த ஒன்பது பத்துப் பேரும் மேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். தாய் குடத்தோடும் கானோடும் ஒன்றரைக் கிலோமீற்றர் இறங்கிப் பவுசர்த் தாங்கிக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு வந்து விட யார் இருக்கிறார்கள்? நான் வகுப்பெடுத்த தாய்மாரின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அன்றைக்கு அறிக்கை எழுதும் பேனையை எடுக்க மனம் வரவில்லை.

தரவு, புள்ளிவிபரம் என்றாலே கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சண்டை முடிந்து மீள்குடியேறிய 2010-இலிருந்து எங்கள் ஊரில் படிவம் நிரப்பாத வாசல் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் வந்து அதே கேள்விகளைக் கேட்கும். எத்தனை பேர், எத்தனை ஆடு, மலசலகூடம் உண்டா, கிணறு உண்டா. நிரப்பிக்கொண்டு போவார்கள். அந்தக் கேள்விகளுக்கு என்ன விடை கிடைத்தது என்று ஒருவர்கூட திரும்பி வந்து எங்களுக்குச் சொன்னதில்லை.

"கிணறு உண்டா?" என்ற கேள்வியில்தான் எல்லாப் பிழையும் தொடங்கியது. உண்டு. மேட்டுப் பக்கத்திலும் உண்டு. மீள்குடியேற்றத்தோடு வெட்டிக் கட்டிக் கொடுத்த கிணறுகள். ஆடி ஆவணியில் அதற்குள் தவளைகூட இருக்காது. படிவத்தில் ஆடி ஆவணிக்கு இடமில்லை. ஆகவே காகிதத்தில் நாங்கள் தண்ணீருள்ள ஊர், பவுசர்த் தாங்கியை எங்கே வைத்தால் என்ன என்று யாரோ வீதியோரத்தில், பள்ளப் பக்கத்தில், குளத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் கிணறு வற்றுவதே இல்லை.

மாதர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தலைவி அக்கா கேட்டார்: "நீ சொன்னா ஆர் நம்புவினம்?" நியாயமான கேள்வி. அளந்து காட்டுவது என்று முடிவானது. 2023 வைகாசியில் தொடங்கினோம்.

சங்கப் பெண்கள் நாலு பேர், உயர்தரம் படிக்கிற இரண்டு பொடியன்கள். ஒரு நைலோன் கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டோம், அரை அடிக்குச் சிவப்புத் துணி. நுனியில் கல்லைக் கட்டினால் தண்ணீரைத் தொட்டதா இல்லையா என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. பொடியன்களில் ஒருவன் வெறும் மீன் ரின் ஒன்றைக் கவிழ்த்துக் கட்டினான். வாய் கீழே பார்த்த ரின் தண்ணீரில் பட்டதும் "டொப்" என்று அடி கேட்கும். இருட்டுக் கிணற்றிலும் பிழைக்காது. கயிற்றை ஒரு முடிச்சுத் தூக்கி மறுபடி விட்டால் மறுபடி "டொப்". பிறகு கல்லுக் கட்டிய இன்னொரு கயிற்றை அடிவரை விட்டு, இரண்டையும் கழித்தால் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று வரும். கிணறு எவ்வளவு ஆழம் என்பது யாருக்கும் தேவையில்லை, எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் குடத்துக்குத் தேவை.

முதல் இரண்டு தரம் எடுத்த கணக்கு முழுக்கக் குப்பை. ரின் கயிற்றை நான் கிணற்றுக் கட்டின் மேல்விளிம்பிலிருந்து அளந்தேன், கல்லுக் கயிற்றை மற்ற அக்கா நிலமட்டத்திலிருந்து அளந்தா. கட்டு சில இடத்தில் இரண்டடி, சில இடத்தில் மூன்றரை, சில இடத்தில் கட்டே இல்லை. ஒரே கிணறு ஒரு கிழமையில் மூன்றடி இறங்கியதாகக் கொப்பி சொன்னது, வீட்டுக்காரர் சிரித்தார். அன்றைக்கே ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு புள்ளியில் நீலப் பெயின்ற் தொட்டு, இனி இந்தப் புள்ளியிலிருந்துதான் என்று வைத்தோம். நேரமும் அப்படித்தான். கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) மோட்டர் போட்டு இறைத்த கிணற்றைப் பத்து மணிக்கு அளந்தால் வற்றிக் கிடக்கும், அடுத்த நாள் விடிய ஊறியிருக்கும். ஆகவே இரண்டு கிழமைக்கொரு தரம், ஞாயிறு காலை ஆறு மணி, யாரும் வாளி விடுமுன். இந்த ஒழுங்கில்லாமல் எடுத்தால் எத்தனை கொப்பி நிரப்பினாலும் வேலையில்லை.

குளத்தடி மேட்டில் தனியே இருக்கிற அம்மம்மா ஒருத்தர் எங்களை வாசலிலேயே மறித்தார். "என்ன பதியிறியள்?" கிணறு என்றேன். "எத்தனை பேர் இருக்கிறம் எண்டு கேக்க மாட்டியளே?" இல்லை என்றேன். "எண்டா வா. கிணத்தை எண்ணு பிள்ளை, ஆக்களை எண்ணாதை."

விறைத்துப்போய் நின்றேன். ஆனால் அவர் சொன்னதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009 தொடக்கத்தில், கடைசிச் சண்டை நடந்த இடத்துக்கு உள்ளே இருக்கிற சனம் 70 ஆயிரத்துக்குக் கிட்ட என்று வெளியே சொல்லப்பட்டது. உள்ளே இருந்த எங்களுக்கு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சாப்பாடு வரும். முடிவில் மெனிக் பாம் முதலான முகாம்களில் பதியப்பட்டவர்கள் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். பிறகு அந்த முகாமுக்குள் ஒவ்வொரு பதிவிலும் பெயர் கூப்பிட்டார்கள், சில பெயர்கள் போனவை போனவைதான். எண்ணிக்கை குறைந்தாலும் பயம், பெயர் இருந்தாலும் பயம். அம்மம்மாவிடம், எண்ணினால் நல்லது நடக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்றை மட்டும் அளந்துவிட்டு வந்தோம்.

ஆவணி முதல் ஞாயிற்றுக் கணக்கு என்னிடம் இன்னும் இருக்கிறது. ஐம்பத்திரண்டு கிணறு. பள்ளப் பக்கம் இருபத்தொன்பது, ஏழடியிலிருந்து ஒன்பதடிவரை தண்ணீர். மேட்டுப் பக்கம் இருபத்து மூன்று, பாதிக்கு மேல் வெறும் சேறு, மிச்சத்தில் ஓரடி. எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் ஏறத்தாழ நாலே முக்கால் அடி வரும். சாதாரணதரத்தில் படித்த "இடை" அதுதான். நாலே முக்கால் அடி தண்ணீருள்ள கிணறு எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை.

சராசரி ஏமாற்றும், இடையத்தைப் பார் என்று படித்த தம்பி ஒருவன் சொன்னான். சரி, ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்பதைப் பார்த்தோம். ஏழடி! பள்ளக் கிணறுகள் எண்ணிக்கையில் கூட என்பதால் நடுக்கிணறும் அந்தப் பக்கமே போய் விழுந்தது. இடையத்தின்படி நாங்கள் இன்னும் செழிப்பான ஊர். கடைசியில் எந்தச் சூத்திரமும் இல்லாமல் பழைய கலண்டர் ஒற்றையின் பின்பக்கத்தில் குளம், வீதி, வாய்க்கால் கீறி, தண்ணீருள்ள கிணற்றுக்கு நீலப் புள்ளி, வற்றியதற்குச் சிவப்புப் புள்ளி வைத்தோம். குறுக்கே கத்தியால் வெட்டியதுபோல ஊர் இரண்டாகப் பிரிந்தது. அதைப் பார்க்க எட்டாம் வகுப்புக் கணிதமும் தேவையில்லை.

அந்த ஒற்றையை உடனே அலுவலகத்துக்குக் கொண்டு ஓடவில்லை. முதலில் முன்பள்ளி மாமர நிழலில் ஊருக்கே விரித்துக் காட்டினோம். இது நான் பிடிவாதமாகச் செய்த காரியம், இன்றைக்கும் சரியென்றே நினைக்கிறேன். பள்ளப் பக்கத்து ஆண்கள் இரண்டு பேர், "எங்கட தாங்கியை எடுக்கப் போறியளோ" என்று எழும்பினார்கள். வேறொருவர், எங்கள் சிவப்புப் புள்ளி ஒன்று பிழை, அந்தக் கிணறு தூர்ந்ததல்ல, வளையம் சரிந்தது என்று திருத்தினார். அவர் திருத்தியிராவிட்டால் அலுவலகத்தில் யாரோ அதைப் பிடித்து முழுக்கணக்கையும் பொய்யாக்கியிருப்பார்கள்.

பிறகு கிராம அலுவலர் வழியாக மேலே போனது. நாங்கள் கேட்டது இரண்டே இரண்டு. இருக்கிற நாலு தாங்கியில் இரண்டை மேட்டுச் சந்திக்கு மாற்றுங்கள், காலை எட்டுக்குப் பதில் பின்னேரம் மூன்றுக்கு வாருங்கள். காசு கேட்கவில்லை. குழாய்க் கிணறு கேட்போம் என்று சங்கத்தில் சிலர் நின்றார்கள், கேட்டிருந்தால் கோவைக்குள் கிடந்திருக்கும். செலவில்லாத கோரிக்கைக்கு "இல்லை" என்று சொல்லக் காரணம் தேட வேண்டும், காரணம் தேடுகிற சோம்பலில் "சரி" வந்துவிடும். நாலு மாதமெடுத்தது, வந்தது. அடுத்த கோடையில் செவ்வாய் வெள்ளிச் சுழியங்கள் நன்றாகக் குறைந்தன. ஆனால் அந்த வருடம் டீசலும் இருந்தது, பவுசரும் கிழமைக்கு மூன்று தரம் வந்தது. தாங்கியை மாற்றியதால்தான் குறைந்தது என்று மார்தட்ட முடியாது. இரண்டு பிள்ளைகள் இன்னமும் வருவதில்லை. அவர்களுடைய தாய் கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போவதுதான் காரணம். அது கிணற்றுக் கணக்கில் அகப்படாது.

இதுவரை நல்ல கதை. இனி நான் செய்த பிழை.

கொப்பி கையிலிருக்கும்போது கூடவே நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று ஓர் ஆசை வரும். ஆர்வமுள்ள எல்லோருக்கும் வரும் வியாதி. கிணற்றுக்கு நேரே "எத்தனை லோன்?" என்று ஒரு நிரலைச் சேர்த்தேன். எண்ணம் நல்லதுதான். கிழமைக்கு கிழமை சேர்க்க வருகிற நுண்கடன் எங்கள் பெண்களை எந்தப் பாடுபடுத்தியது என்று ஊருக்கே தெரியும். 2018-இல் வறட்சி மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கம் பொறுப்பெடுத்ததும், அந்த வருடக் கடைசியில் மத்திய வங்கி நுண்நிதிக் கம்பனிகளின் வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்ததும் அந்தப் பாட்டுக்குப் பிறகுதான். எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குப் பேசலாம் என்று நினைத்தேன்.

கொப்பி முன்பள்ளி மேசையில் கிடந்தது, வீட்டுக்காரர் பெயரோடு. பிள்ளையைக் கூட்ட வந்த ஒருத்தி புரட்டிப் பார்த்திருக்கிறாள். இந்தக் கடன்களில் ஐந்து ஆறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பார்கள். தன் குழுவிலுள்ள ஓர் அக்காவுக்கு வேறு நாலு இடத்தில் கடன் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கிழமையே குழுவிலிருந்து அக்காவைக் கழற்றிவிட்டார்கள். அக்கா என்னை ஏசவில்லை. பள்ளி வாசலில் நின்று, "உன்னட்டைச் சொன்னனான் எண்டுதானே சொன்னனான் ரீச்சர்" என்று மட்டும் சொன்னா. அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

அந்த ஒற்றைகளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கிணற்றுக் கொப்பியிலும் பெயர்களை எடுத்துவிட்டு இலக்கம் போட்டோம். எந்த இலக்கம் எந்த வீடு என்ற தாள் தலைவி வீட்டு அலுமாரியில், கொப்பி என்னிடம். இரண்டும் ஒரே பைக்குள் போவதில்லை. ஊர்ப் பெயரை இங்கே எழுதாததற்கும் இதுதான் காரணம். எழுபது வீட்டு ஊரில் "கணவன் இல்லாத, நாலு பிள்ளைகளுள்ள, மேட்டுப் பக்கத்துப் பெண்" என்றால் பெயரைச் சொன்ன மாதிரித்தான்.

கடன் விசயத்தை அப்படியே விடவும் மனமில்லை. தலைவி அக்காதான் வழி சொன்னா. ஒரு முட்டி, ஒரு சுளகு புளியங்கொட்டை. சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி, ஒவ்வொருவராகப் போய், தனக்கு எத்தனை கடனோ அத்தனை கொட்டையை முட்டிக்குள் போட்டுவிட்டு வரட்டும். முப்பத்தெட்டுப் பெண்கள். கொட்டினால் ஐம்பத்தேழு. ஆளுக்கு ஒன்றரை. பரவாயில்லையே என்று ஒருத்தி சொல்ல, எனக்குச் சுருக்கென்றது. நாலே முக்கால் அடிக் கிணறு! மறுபடி அதே பொறிக்குள் விழுந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் ஐந்து முட்டி வைத்தோம். இல்லை, ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றுக்கு மேல். எண்ணிக்கையில் மாறாமல் இருக்க அதே முப்பத்தெட்டுப் பேர். ஆளுக்கு ஒரே ஒரு கொட்டை, தனக்குரிய முட்டியில். முறையே பதினாலு, பதினொன்று, ஐந்து, மூன்று, ஐந்து. முதல் நாலு முட்டியின் கடனைக் கூட்டினால் முப்பது. முன்பு வந்த ஐம்பத்தேழில் மிச்சம் இருபத்தேழும் அந்தக் கடைசி முட்டியின் ஐந்து பேருடையது. இடையில் ஒரு மாதம் போனதால் ஒன்றிரண்டு கூடிக் குறைந்திருக்கலாம். என்றாலும் ஊர்க் கடனில் கிட்டத்தட்ட பாதி ஐந்து பேரின் தலையில். யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் கதைக்க விருப்பமுள்ளவர்கள் தலைவி வீட்டுக்கு எந்த நேரமும் வரலாம் என்று மட்டும் அறிவித்தோம். இரண்டு பேர் வந்தார்கள், இரவு எட்டு மணிக்குப் பிறகு.

இதெல்லாம் நடந்த பிறகுதான் பெரிய இடத்துக் கணக்குகளைப் பார்க்கிற கண் வந்தது. ஒரு பயிற்சியில் மாவட்ட வறுமை வீதங்களைக் காட்டினார்கள். 2012/13-இல் முல்லைத்தீவு 28.8 வீதம், கிளிநொச்சி 12.7. 2016-இல் முல்லைத்தீவு 12.7-க்கு இறங்கிவிட்டது, கிளிநொச்சி 18.2-க்கு ஏறிவிட்டது. அடுத்தடுத்த மாவட்டம், ஒரே மழை, ஒரே நெல்லு விலை. முன்பென்றால் முல்லைத்தீவில் ஏதோ அற்புதம் நடந்தது என்று நம்பியிருப்பேன். அது எல்லா வீட்டையும் எண்ணிய கணக்கல்ல, நாடு முழுக்க ஏறத்தாழ 25 ஆயிரம் வீடுகளைத் தெரிந்தெடுத்துக் கேட்ட ஆய்வு. சின்ன மாவட்டத்துக்கு வருவது சில நூறு வீடு. ஐம்பத்திரண்டு கிணற்றிலேயே பெயின்ற் புள்ளி மாறினால் மூன்றடி மாறுகிறது. 2009/10 ஆய்விலோ மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் சேர்க்கப்படவேயில்லை. 1981-க்குப் பிறகு வடக்கை முழுதாக எண்ணிய குடிசன மதிப்பே 2012-இல்தான். முப்பது வருடம் எண்ணப்படாத இடத்தில், பிறகு வருகிற முதல் எண்ணோடு எதை வைத்து ஒப்பிடுவது?

வறிய குடும்பங்களுக்கான அரசாங்க உதவித்தொகையான அஸ்வெசும வந்தபோதும் இந்தக் கண் உதவியது. 22 குறிகாட்டி, அதில் வீட்டின் நிலையும் ஒன்று. 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டி, முடிக்கக் காசு போதாமல் தோட்டை ஈடு வைத்தவர்கள் எத்தனை பேர். காகிதத்தில் கல்வீடு, அவ்வளவுதான். "கிணறு உண்டா" என்ற அதே கேள்வி. மேன்முறையீடு எழுத வந்தவர்களுக்கு, எனக்குக் கஷ்டம் என்று இரண்டு பக்கம் எழுதாமல், எந்தக் குறிகாட்டியில் என்ன பிழையாகப் பதிந்திருக்கிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன். கஷ்டத்துக்கு அந்தப் படிவத்தில் நிரல் இல்லை.

2024 கடைசியில் குடிசன மதிப்புக்கு வந்தார்கள். அம்மம்மா வீட்டுக்கு நானும் கூடப் போனேன், கதவு திறக்க மாட்டார் என்ற பயத்தில். திறந்தார். எத்தனை பேர் என்று கேட்டதற்கு "ஒண்டு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

போன ஆடியில் எனக்குக் காய்ச்சல், ஒரு ஞாயிறு அளக்கப் போகவில்லை. திங்கட்கிழமை அம்மம்மா முன்பள்ளி வாசலில் நின்றார். "நேற்று ஏன் வரேல்லை? நானே பாத்திட்டன். பதினொரு முடிச்சு." கையில் பழைய சேலையைக் கிழித்துத் திரித்த கயிறு, நுனியில் ஒரு மீன் ரின். வாங்கி விரித்துப் பார்த்தேன். முடிச்சுகளுக்கு இடையே அடியல்ல, சாண். அதுவும் அவருடைய சாண். கொப்பியின் நிரலுக்குள் அதை எழுத முடியாது. கடைசி ஒற்றையில் தனியாக ஒரு கோடு கீறி, "பதினொரு சாண், அம்மம்மாவின் கையால்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.